எஸ்ஸுக்கு முன்னாலா, பின்னாலா? ஆங்கிலப் பன்மை உடைமையில் வரும் பிழைகளைக் கண்டுபிடித்துத் திருத்தும் வழி

கொழும்பில் ஆங்கிலத்தில் நாலு வரி எழுதாமல் ஒரு மாதத்தை ஓட்டுவது கடினம். பிள்ளையின் வகுப்பாசிரியருக்கு லீவுக் கடிதம், தொடர்மாடியின் லிஃப்டுக்குள் ஒட்டும் அறிவித்தல், வேலைக்கு அனுப்பும் சீவி, பழைய மாணவர் சங்கத்தின் பெனர் என்று ஏதாவது வந்துகொண்டே இருக்கும். அச்சுக்குப் போகும் ஆங்கிலப் பிரதிகளை ஒப்புநோக்குவது என் வேலை. நன்றாக ஆங்கிலம் பேசுகிறவர்களின் பிரதியிலும் தவறாமல் இடறும் இடம் ஒன்று உண்டு: பலருக்கு உரிய ஒன்றைச் சொல்லும்போது அப்பாஸ்ட்ரபி, அதாவது சொல்லின் மேல் பக்கத்தில் போடும் ’ என்ற சிறு குறி, எங்கே நிற்க வேண்டும் என்பது.

இதில் காது நமக்கு உதவாது. ஸ்டூடண்ட்ஸ், ஸ்டூடண்ட்’ஸ், ஸ்டூடண்ட்ஸ்’ ஆகிய மூன்றும் வாயில் ஒரே ஒலிதான். தமிழில் மாணவர்கள், மாணவரின், மாணவர்களின் என்று மூன்றும் மூன்று விதமாகக் கேட்கும். பன்மைக்குக் “கள்”, அதன் மேல் உடைமைக்கு “இன்” என்று இரண்டும் வரிசையாக வந்து உட்காரும். ஆங்கிலத்தில் இரண்டு வேலையையும் ஒரே எஸ் பார்க்கிறது. குறி நிற்கும் இடத்தைக் கண்ணால் பார்த்துத்தான் வேறுபாட்டை அறியலாம். அதனால் பேச்சில் கெட்டிக்காரர்களும் எழுத்தில் தடுமாறுகிறார்கள்.

கீழே ஆங்கிலச் சொற்களைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். குறி எந்த இடத்தில் நிற்கிறது என்பதை மட்டும் கவனியுங்கள். உங்கள் பிரதியில் தெரியும் கோளாறு எதுவோ, நேரே அந்தத் தலைப்புக்குப் போகலாம். ஆனால் முதலாவதை எல்லோரும் வாசித்துவிடுங்கள். மற்றவை அதில் சொல்லும் சோதனையை வைத்துத்தான் நடக்கின்றன.

கோளாறு: குறி எஸ்ஸுக்கு முன்னாலா, பின்னாலா என்று தெரியவில்லை, கணினியும் சிவப்புக் கோடு போடவில்லை

சிவப்புக் கோட்டை நம்ப வேண்டாம். இரண்டு வடிவமுமே ஆங்கிலத்தில் உள்ள சொற்கள் என்பதால் எழுத்துப்பிழை பார்க்கும் மென்பொருள் பெரும்பாலும் பேசாமல் விட்டுவிடும். ஒருவரைச் சொல்கிறீர்களா, பலரைச் சொல்கிறீர்களா என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

செய்ய வேண்டியது இது. குறியிலிருந்து வலப்பக்கம் உள்ள அனைத்தையும் விரலால் மூடுங்கள். இடப்பக்கம் மிஞ்சுகிற சொல்தான் உடைமைக்காரர். நீங்கள் நினைத்த ஆள் அதுதானா என்று பாருங்கள்.

ஒரு பெனர் வருகிறது. அதில் “பாஸ்ட் பியூபில்’ஸ் அசோசியேஷன்” என்று இருக்கிறது. குறியிலிருந்து மூடுங்கள். மிஞ்சுவது “பாஸ்ட் பியூபில்”, அதாவது ஒரே ஒரு பழைய மாணவர். ஒருவரை வைத்துச் சங்கம் நடத்த முடியாது. தமிழில் சொல்லிப் பார்த்தாலும் “பழைய மாணவர்களின்” என்று “கள்” வந்துவிடுகிறது. ஆகவே இடப்பக்கம் பன்மை முழுதாக எழுதி முடிய வேண்டும்: பியூபில்ஸ். அதன் பிறகுதான் குறி: “பாஸ்ட் பியூபில்ஸ்’ அசோசியேஷன்”. எஸ் ஏற்கனவே நிற்பதால் இன்னொரு எஸ் தேவையில்லை.

முதலில் பன்மையை எழுதி முடிப்பது, பிறகு உடைமைக் குறியைப் போடுவது என்ற இந்த ஒழுங்கு மாறக் கூடாது. பிரதிகளில் நான் காணும் பிழைகளில் பெரும்பகுதி, இரண்டையும் ஒரே மூச்சில் செய்யப் போய் வருகிறவை. ஓல்ட் போய்ஸ்’ யூனியன், பேரண்ட்ஸ்’ மீட்டிங், ரெசிடண்ட்ஸ்’ கார் பார்க் எல்லாம் இதே வழிதான். சம்பளச் சீட்டில் மாதா மாதம் நாம் பார்க்கிற ஈபிஎஃப்பும் அப்படியே. 1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டத்தால் வந்த ஊழியர் சேமலாப நிதியின் ஆங்கிலப் பெயர் எம்ப்ளோயீஸ்’ பிரொவிடண்ட் ஃபண்ட். மூடிப் பார்த்தால் எம்ப்ளோயீஸ், அதாவது ஊழியர்கள். சரி.

ஒருமையும் பன்மையும் அருகருகே நிற்பதைப் பார்க்க வேண்டுமானால் கொழும்பிலேயே இரண்டு பாடசாலைகள் இருக்கின்றன. கொள்ளுப்பிட்டியில் 1875 இல் தொடங்கிய பிஷப்’ஸ் கொலேஜ். கொழும்பு 7 இல் இருக்கும், 1900 இல் தொடங்கிய லேடீஸ்’ கொலேஜ். முதலாவதை மூடினால் பிஷப், ஒரே ஆயர். இரண்டாவதை மூடினால் லேடீஸ், பல பெண்கள். இரண்டு பெயரும் சரி. பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவர்கள் புத்தக உதாரணத்தை விட்டுவிட்டு இந்த இரண்டு பெயரையும் பலகையில் எழுதிக் காட்டலாம். தினமும் பஸ்ஸில் கடந்து போகும் பெயர்கள் மனதில் நிற்கும்.

லேடீஸ் விடயத்தில் இன்னொரு எச்சரிக்கை. லேடி என்ற சொல் வை எழுத்தில் முடிகிறது. பன்மையில் அந்த வை போய் ஐ-ஈ-எஸ் வரும். கம்பனி, பார்ட்டி, ஃபமிலி, சிட்டி எல்லாம் அப்படி. வை எழுத்தை வைத்துக்கொண்டே குறியும் எஸ்ஸும் போட்டால் ஒரு கம்பனி, ஒரு குடும்பம் என்றுதான் பொருள். “இரண்டு குடும்பங்களின் சம்மதத்துடன்” என்று கலியாணக் கார்டில் போட நினைத்து வை எழுத்தோடு விட்டால், ஒரு குடும்பம்தான் சம்மதித்திருக்கிறது.

கோளாறு: பொருள் பல என்பதால் குறியைப் பின்னால் தள்ளிவிட்டீர்கள்

ஒரு மகனின் சப்பாத்துகள். சப்பாத்துகள் பல என்பதால் “மை சன்ஸ்’ ஷூஸ்” என்று எழுதிவிடுகிறார்கள். தலைகீழாகவும் நடக்கும்: ஆண்கள் பாடசாலை ஒன்றுதானே என்று “போய்’ஸ் ஸ்கூல்” என்று எழுதுவார்கள்.

குறிக்குப் பொருளின் எண்ணிக்கையோடு எந்தத் தொடர்பும் இல்லை. மகன் ஒருவன் என்றால், அவனிடம் நூறு சப்பாத்து இருந்தாலும் “சன்’ஸ் ஷூஸ்”. மாணவர்கள் பலர் என்றால், பாடசாலை ஒன்றாக இருந்தாலும் “போய்ஸ்’ ஸ்கூல்”. வலப்பக்கத்தை மூடச் சொன்னதன் காரணம் இதுவும்தான்: பொருள் கண்ணில் படாமல் இருந்தால் அது உங்களைக் குழப்பாது.

வாடகை ஒப்பந்தத்தில் இது பணத்தைத் தொடும் விடயம். வெள்ளவத்தையில் ஒரு ஃப்ளட்டை மூன்று பேர் சேர்ந்து எடுத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். “த டெனண்ட்’ஸ் டெபொசிட்” என்றால் ஒரு குடியிருப்பாளரின் முற்பணம். “த டெனண்ட்ஸ்’ டெபொசிட்” என்றால் குடியிருப்பாளர்கள் எல்லோருக்கும் உரியது. கையெழுத்துப் போடும் முன் அந்தச் சிறு கோட்டைத் தேடிப் பார்ப்பது நல்லது.

கோளாறு: சில்ட்ரன்ஸ்’, மென்ஸ்’, விமன்ஸ்’ என்று எழுதியிருக்கிறீர்கள்

மூடுங்கள். மிஞ்சுவது “சில்ட்ரன்ஸ்”. அப்படி ஒரு சொல் ஆங்கிலத்தில் இல்லை. சைல்ட் என்பதன் பன்மை சில்ட்ரன். மேன் என்பதன் பன்மை மென். வுமன் என்பதன் பன்மை விமன். இவை எஸ் இல்லாமலே பன்மை ஆகிவிட்டவை. பன்மையை முடித்தாகிவிட்டது, எஸ் இன்னும் வரவில்லை, ஆகவே குறியும் எஸ்ஸும் இரண்டும் வேண்டும்: சில்ட்ரன்’ஸ், மென்’ஸ், விமன்’ஸ்.

ஒக்டோபர் 1 இல் நாம் கொண்டாடும் சிறுவர் தினம் சில்ட்ரன்’ஸ் டே. மார்ச் 8 விமன்’ஸ் டே. ஒய்எம்சிஏ என்று சுருக்கிச் சொல்கிறோமே, அதை விரித்தால் யங் மென்’ஸ் கிறிஸ்டியன் அசோசியேஷன்.

எல்லாவற்றையும் விட எளிதாக நினைவில் நிற்பது மக்கள் வங்கி. 1961 இல் தொடங்கிய அந்த வங்கியின் ஆங்கிலப் பெயர் பீப்பள்’ஸ் பேங்க். பீப்பள் என்பதே மக்கள் என்ற பன்மை. அதனால் குறி எஸ்ஸுக்கு முன்னால். சந்தேகம் வந்தால் பையில் இருக்கும் ஏடிஎம் கார்டைப் பாருங்கள். பீப்பள்ஸ்’ என்று குறி பின்னால் வரும் இடமும் உண்டு, ஆனால் அங்கே பொருள் வேறு: பல இனங்கள், பல தேசத்து மக்கள் கூட்டங்கள். அரசியல் கட்டுரை எழுதினால் தேவைப்படும். மற்றபடி அன்றாடம் வராது.

கோளாறு: சீவியில் “ஃபைவ் இயர்ஸ் எக்ஸ்பீரியன்ஸ்” என்று இருக்கிறது

காலத்துக்கும் உடைமை உண்டு என்பது நமக்குச் சட்டென்று தோன்றாது. தமிழில் “ஐந்து வருட அனுபவம்”, “ஒரு மாத நோட்டிஸ்” என்று உருபு இல்லாமலே சொல்லிவிடுகிறோம். அந்தப் பழக்கம் அப்படியே ஆங்கிலத்துக்கு வந்துவிடுகிறது. நான் பார்க்கும் சீவிகளில் இந்தக் குறி இருப்பதைவிட இல்லாமல் போவதே அதிகம்.

சோதனை: காலத்துக்கும் பொருளுக்கும் நடுவில் “ஒஃப்” போட்டுப் பாருங்கள். “ஃபைவ் இயர்ஸ் ஒஃப் எக்ஸ்பீரியன்ஸ்” பொருந்துகிறது. அப்படியானால் ஒஃப்பை எடுக்கும்போது அந்த இடத்தில் குறி வர வேண்டும்: “ஃபைவ் இயர்ஸ்’ எக்ஸ்பீரியன்ஸ்”. “டூ வீக்ஸ்’ லீவ்”, “த்ரீ மந்த்ஸ்’ செலரி” எல்லாம் இப்படி. ஒரு மாதம்தான் என்றால் “வன் மந்த்’ஸ் நோட்டிஸ்”. இராஜினாமாக் கடிதத்தில் ஒரு மாதத்தை மூன்று மாதமாக மாற்றும்போது குறியையும் சேர்த்து நகர்த்த மறந்துவிடுகிறார்கள். அங்கே ஒருமுறை திரும்பிப் பாருங்கள். பணத்துக்கும் இதே கணக்கு: ஐந்நூறு ரூபாய்க்கு மாம்பழம் என்றால் “ஃபைவ் ஹண்ட்ரட் ரூபீஸ்’ வர்த் ஒஃப் மேங்கோஸ்”.

ஒஃப் பொருந்தாத இடத்தில் குறி வேண்டாம். “ஃபைவ் இயர்ஸ் ஓல்ட்” என்பதில் ஒஃப்பை நுழைக்க முடியாது, குறியும் இல்லை. “எ டூ-வீக் கோர்ஸ்” என்று இடைக்கோடு போட்டு எழுதினால் எஸ்ஸும் போய்விடும், குறியும் போய்விடும். சீவி எழுதுகிறவர்களுக்கு இந்த வடிவம் கைகொடுக்கும்.

கோளாறு: ஒரு குடும்பத்தையே பெயர் சொல்லி அழைக்க வேண்டியிருக்கிறது

தமிழர்களுக்கு இது கொஞ்சம் அந்நியமான இடம். நம் வழக்கில் பெரும்பாலும் தந்தையின் பெயர் பிள்ளையின் பெயருக்கு முன்னால் வருகிறது. தலைமுறை தலைமுறையாக ஓடும் குடும்பப் பெயர் எல்லா வீட்டிலும் இல்லை. ஆனால் பக்கத்து வீட்டில் பெரேரா குடும்பம் இருக்கும், எதிர் வீட்டில் பெர்னாண்டோ குடும்பம் இருக்கும். நத்தார் கார்ட் எழுதத்தானே வேண்டும்?

குடும்பம் முழுவதும் என்றால் முதலில் பெயரைப் பன்மையாக்குங்கள்: த பெரேராஸ். இது வெறும் பன்மை, குறி இல்லை. “டு த பெரேராஸ்” என்று உறையில் எழுதினால் போதும். “த பெரேரா’ஸ்” என்று எழுதினால் எதுவோ ஒன்று பெரேராவுக்குச் சொந்தம் என்று சொல்லத் தொடங்கி நடுவில் நிறுத்திய மாதிரி ஆகிவிடும். அவர்களுடைய வீடு, அவர்களுடைய நாய் என்று வரும்போதுதான் குறி: “த பெரேராஸ்’ ஹவுஸ்”.

பெயரே எஸ்ஸில் முடிந்தால்? டயஸ் குடும்பம் என்றால் பன்மைக்கு ஈ-எஸ் சேர்த்து டயஸஸ், உடைமைக்கு டயஸஸ்’. நாக்குக்குச் சிரமம்தான். “த டயஸ் ஃபமிலி’ஸ் ஹவுஸ்” என்று எழுதிவிடுங்கள், யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

எஸ்ஸில் முடியும் ஒருவரின் பெயரைப் பன்மை என்று மயங்கவும் கூடாது. கல்கிசையில் இருக்கும் எஸ். தோமஸ்’ கொலேஜின் பெயரில் குறி கடைசியில் நிற்கிறது. அங்கே புனிதர் ஒருவரே. எஸ் அவருடைய பெயரின் கடைசி எழுத்து. இப்படியான பெயருக்கு எஸ் சேர்த்தும் எழுதலாம், சேர்க்காமலும் எழுதலாம். ஆங்கிலத்தில் இரண்டு வழக்கமும் உண்டு. 1851 இல் தொடங்கிய அந்தப் பாடசாலை ஒரு வழியைத் தேர்ந்துகொண்டிருக்கிறது, அதன் பெயரை அப்படியே எழுத வேண்டியது நம் கடமை.

கோளாறு: எஸ்ஸைக் கண்ட இடமெல்லாம் குறி வந்துவிட்டது

கடைப் பலகைகளில் இது அதிகம். “ஷோர்ட் ஈட்’ஸ்”, “ஃபோட்டோ’ஸ்”, “சிம் கார்ட்’ஸ்”. யாருக்கும் எதுவும் சொந்தம் இல்லை, வெறும் பன்மை. குறியை எடுத்துவிடுங்கள். ஆண்டுக் கணக்கிலும் அப்படித்தான்: 1990ஸ் என்று எழுதினால் போதும். பழைய அச்சில் குறியோடு இருக்கும், இன்று பெரும்பாலும் விட்டுவிட்டார்கள்.

விலக்கு ஒன்று உண்டு, அது டியூஷன் பெனர்களில் வருவது. உயர்தரத்தில் மூன்று ஏ எடுத்த மாணவருக்கு வாழ்த்துச் சொல்லும்போது “த்ரீ ஏ’ஸ்” என்று குறியோடு எழுதுவதை ஏற்றுக்கொள்ளலாம். குறி இல்லாமல் எழுதினால் ஏயும் எஸ்ஸும் சேர்ந்து “ஆஸ்” என்ற வேறு சொல்லாகக் கண்ணில் படும். தனி எழுத்துகளின் பன்மையில் மட்டும் இந்தச் சலுகை.

கோளாறு: “யுவர்’ஸ் ஃபெய்த்ஃபுலி”

யுவர்ஸ், அவர்ஸ், தெயர்ஸ், ஹர்ஸ் எதற்கும் குறி கிடையாது. உடைமை அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. அரச திணைக்களங்களுக்கு எழுதும் கடிதங்களின் அடியில் இந்தப் பிழை அவ்வளவு காலமாக நிற்கிறது, பழைய கடிதத்தைப் பார்த்து எழுதுகிறவர்களின் கையில் அப்படியே ஒட்டிக்கொள்கிறது. “அதர்ஸ்’” மட்டும் வேறு: பிறருடைய என்று பலரைச் சொன்னால் குறி பின்னால். “ஈச் அதர்’ஸ்” எப்போதும் எஸ்ஸுக்கு முன்னால்தான்.

கோளாறு: ஒரே பெயரை இரண்டு விதமாகவும் பார்த்திருக்கிறீர்கள்

ஒக்டோபர் 6 ஆசிரியர் தினத்தில் டீச்சர்ஸ்’ டே, டீச்சர்’ஸ் டே, குறியே இல்லாத டீச்சர்ஸ் டே என்று மூன்றும் ஒரே பாடசாலை மண்டபத்தில் தொங்கும். ஆசிரியர்கள் எல்லோருக்குமான நாள் என்பதால் டீச்சர்ஸ்’ டே என்பதையே நான் போடுவேன். அப்படியானால் அன்னையர் தினம் ஏன் மதர்’ஸ் டே, ஒருமையில் இருக்கிறது என்று கேட்பீர்கள். அதற்குக் காரணம் உண்டு. அந்த நாளுக்காக அமெரிக்காவில் பாடுபட்ட அன்னா ஜார்விஸ் என்ற பெண்மணி, ஒவ்வொரு குடும்பமும் தன் தாயைப் போற்ற வேண்டும் என்பதற்காக ஒருமையையே வலியுறுத்தினார். 1914 இல் அங்கே அது அரச அறிவிப்பு ஆனது. தமிழில் நாம் “அன்னையர்” என்று பன்மையில் சொல்வதால், ஆங்கிலத்திலும் குறியைப் பின்னால் தள்ள மனம் வருகிறது. இங்கே மட்டும் தமிழை நம்ப வேண்டாம்.

குறியே இல்லாத பெயர்களும் இருக்கின்றன. இந்தக் குறி ஆங்கிலத்துக்கு 16 ஆம் நூற்றாண்டில்தான் பிரெஞ்சு வழக்கத்திலிருந்து வந்தது; விடுபட்ட எழுத்தைக் காட்டுவதே அதன் முதல் வேலை. எஸ்ஸுக்குப் பின்னால் நிற்கும் பன்மை உடைமை மிகவும் பிந்தித்தான் நிலைபெற்றது. இன்று பெயர்ப்பலகைகளில் அதை விட்டுவிடும் வழக்கமும் பரவியிருக்கிறது. ஒரு நிறுவனத்தின் பெயரை எழுதும்போது அதன் கடிதத் தலைப்பில் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுதுங்கள், திருத்தப் போகாதீர்கள். உங்கள் சங்கத்துக்கு நீங்களே பெயர் வைக்கிறீர்கள் என்றால் குறியோடு வையுங்கள். ஸ்போர்ட்ஸ் மீட், சேவிங்ஸ் அக்கவுண்ட், கஸ்டம்ஸ் ஒஃபிசர் போன்றவை வேறு வகை: அங்கே முதற்சொல் எந்த வகை என்று மட்டும் சொல்கிறது, உடைமைக்காரர் யாரும் இல்லை.

கோளாறு: இருவர் சேர்ந்த உடைமை

இருவருக்கும் ஒரே கடை என்றால் கடைசிப் பெயருக்கு மட்டும் குறி: “கமலா அண்ட் ராணி’ஸ் ஷொப்”. ஆளுக்கொரு கடை என்றால் இருவருக்கும்: “கமலா’ஸ் அண்ட் ராணி’ஸ் ஷொப்ஸ்”. அம்மா அப்பா வீடு என்றால் இவ்வளவு யோசிக்க வேண்டாம், “மை பேரண்ட்ஸ்’ ஹவுஸ்”.

கோளாறு: எல்லாம் சரியாக இருந்தும் வாசிக்க முடியவில்லை

மச்சான்மாரின் வியாபாரம். பிரதர்-இன்-லோ என்பதன் பன்மை பிரதர்ஸ்-இன்-லோ; அதன் உடைமை “பிரதர்ஸ்-இன்-லோ’ஸ் பிஸினஸ்”. இலக்கணப்படி ஒரு குறையும் இல்லை, ஆனால் வாசிக்கிறவர் இரண்டு தரம் நிற்பார். பொஸ், பொஸ்’ஸ், பொஸஸ்’ என்று வரும் இடங்களிலும் இதே சிக்கல். அங்கே குறியோடு மல்லுக்கட்டாமல் வாக்கியத்தைத் திருப்பிப் போடுங்கள்: “த பிஸினஸ் ஒஃப் மை பிரதர்ஸ்-இன்-லோ”. உயிரில்லாப் பொருள்கள் பல வரும்போதும் ஒஃப் தான் இயல்பு: கட்டடங்களின் கூரைகள் என்றால் “த ரூஃப்ஸ் ஒஃப் த பில்டிங்ஸ்”.

“ஃபோர்” என்ற சொல்லும் இந்த வேலையைச் செய்யும். பொரளையில் இருக்கும் சிறுவர் மருத்துவமனை லேடி ரிஜ்வே ஹொஸ்பிடல் ஃபோர் சில்ட்ரன். அதே பகுதியில் காசல் வீதி மகளிர் மருத்துவமனை, காசல் ஸ்ட்ரீட் ஹொஸ்பிடல் ஃபோர் விமன். நோயாளிகள் பலர், ஆனாலும் இரண்டு பெயரிலும் அப்பாஸ்ட்ரபி எங்கேயும் இல்லை.